பற்றவைத்த மெட்டி

என் ஓரகத்தி அமிர்தவல்லி உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சோறு தின்னும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேதான் தின்பாள். வாய் மெல்லும், கண் வாசலைப் பார்க்கும், காது முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கும். எப்போது பார்த்தாலும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள் மாதிரிதான். அவள் உள்ளே வந்தாலே, உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எழுந்து எதையாவது செய்யவேண்டும்போல் இருக்கும். நானோ தையல்காரி. மெஷினை விட்டு எழுந்தால் எனக்குப் பிழைப்பில்லை. "உனக்கின்னாடி சந்திரா, மகாராணி! உக்காந்த எடத்துல சம்பாதிக்கிறே" என்று சொல்லிக்கொண்டே போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உழவர்கரையில் எங்கள் மாமனார் கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாகத்தில் மூத்தவர் வெற்றிச்செல்வனும் அமிர்தவல்லியும். அவர்களுடைய ஒரே பெண்ணை நெய்வேலியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மறு பாகத்தில் இளையவரும் நானும். கொல்லையும் துணி துவைக்கிற கல்லும் பொது. சுவர் என்று பேருக்கு ஒன்று இருந்ததே தவிர, அமிர்தவல்லி போடுகிற சத்தத்துக்கு அது ஒரு தடையே இல்லை.

வெற்றிச்செல்வனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். சுனாமிக்கு முந்தின வருஷம் ஒரு காலை வேளையில் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரி, ஆபரேஷன், நெஞ்சில் நீளமாக ஒரு தையல். பிழைத்து வந்தார். ஆனால் கனமான வேலை கூடாது, பீடியைத் தொடக்கூடாது, உப்பு கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மனிதர் வீட்டோடு ஆனார். அமிர்தவல்லி நேரு வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ரவிக்கைத் துணி விற்கிற கவுண்டர். அந்த வேலைக்கென்றே பிறந்தவள் என்று சொல்லலாம். புடவையை ஒரு முறை பார்ப்பாள். அடுக்கில் இருக்கிற அத்தனை பச்சையிலும் எந்தப் பச்சை என்று திரும்பிப் பார்க்காமல் உருவி எடுத்துப் போடுவாள். ஆனால் அந்தக் கடையில் ஷட்டர் இறங்கும்வரை யாரும் உட்காரக்கூடாது. உட்கார நாற்காலியும் கிடையாது. கூட்டம் இல்லாவிட்டாலும் நிற்கத்தான் வேண்டும். ஒதுங்குகிற இடம் மூன்றாவது மாடியில். போய்விட்டு வந்தால் சூப்பர்வைசர் இராமதாஸ் கடிகாரத்தைப் பார்ப்பான். அதனால் அங்கே வேலை செய்கிற பெண்கள் யாருமே தண்ணீரை வாயில் வைப்பதில்லை. மற்றவர்கள் இதையெல்லாம் சொல்லி அழுவார்கள். அமிர்தவல்லிக்கு அது பெருமை. "நின்னா கால் தேஞ்சா போயிடும்?" என்பாள்.

கால் தேயவில்லை. வீங்கியது.

சுனாமிக்கு அடுத்த ஆடி. தள்ளுபடி என்று போர்டு போட்டதும் ஊர் மொத்தமும் நேரு வீதியில்தான் இருந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினாள். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகவும் சுற்றியிருந்த சதை மேடாகவும் இருந்தது. கணுக்கால் எலும்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"அக்கா, இன்னா இது?"

"கொசு கடிச்சிருக்கும்."

"ரெண்டு கால்லயும் ஒரே மாதிரியா கடிச்சிச்சு? கணக்கா கடிக்கிற கொசு போலிருக்கே."

"போடி, நக்கல் புடிச்சவளே!" என்று காலை இழுத்துக்கொண்டு அவள் பாகத்துக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

தெருவில் விஷயம் பரவியது. நீர் கோத்துக்கொண்டது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். வைத்தியம் மட்டும் ஆளுக்கொன்றாக இருந்தது. ஒருத்தி வாழைத்தண்டு என்றாள், ஒருத்தி முள்ளங்கிச் சாறு என்றாள். எதிர்வீட்டு மணியம்மாள் வேலியோரம் படர்ந்திருந்த மூக்கிரட்டைக் கீரையைப் பறித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். அமிர்தவல்லி எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்லிக் கஞ்சியும் குடித்தாள். கூடவே சொந்தப் புத்தியில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். நீர்தானே கோத்திருக்கிறது, மேற்கொண்டு நீர் குடித்தால் இன்னும் கோக்குமே என்று, கடையில் மட்டும் குடிக்காமல் இருந்த தண்ணீரை வீட்டிலும் நிறுத்திவிட்டாள். வெயிலில் நாக்கு வறண்டு உதடு வெடித்தது. வைராக்கியமாக இருந்தாள்.

இதில் இன்னொரு கூத்து. அவள் வீட்டில் இரண்டு பானை. மாமாவுக்கு உப்பில்லாத குழம்பு ஒரு சின்னப் பானையில். அவளுக்குத் தனியாக ஒன்று. அவள் பானை இருக்கிறதே, அதில் மாமாவுக்குப் போடாத உப்பையும் சேர்த்துப் போட்டுவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, அதற்கு மோர்மிளகாய், அதற்கு மேல் அப்பளம். கடைக்குக் கட்டிக்கொண்டு போவது தயிர்ச்சோறும் கிடாரங்காய் ஊறுகாயும். வாழைத்தண்டைப் பொரியல் செய்து அதையும் இந்தக் கருவாட்டுக் குழம்புக்குத் தொட்டுக்கொண்டு தின்றால் கால் எப்படி வடியும்?

கடைசியில் நான்தான் மெஷினை மூடிவைத்துவிட்டு அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா பொறுமையான மனுஷி. இரத்தம், சிறுநீர், நெஞ்சுக்கு ஒரு படம், பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்திலும் சிறுநீரகத்திலும் கோளாறு இல்லை என்று சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது. அமிர்தவல்லி அப்போதே எழுந்துவிட்டாள்.

"உக்காருங்கம்மா. ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் நிக்கிறீங்க?"

"கடை தொறந்ததுலேர்ந்து மூடுற வரைக்கும்."

"தண்ணி?"

"தொடுறதே இல்ல டாக்டர்!" என்று என்னவோ விரதம் முடித்தவள் மாதிரி சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வீக்கத்துக்குத் தண்ணீர் காரணம் இல்லை, உப்புதான் தண்ணீரை உடம்பில் பிடித்து வைக்கிறது, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இருப்பதையும் உடம்பு விடாது என்று நிதானமாகச் சொன்னாள். நிற்கிற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கவேண்டும், பாதத்தை மேலும் கீழும் ஆட்டவேண்டும், கெண்டைச்சதை அசைந்தால்தான் காலில் இறங்கியது மேலே ஏறும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டு, நெஞ்சு மட்டத்துக்கு மேலே கால் இருக்கிற மாதிரி தலையணை அடுக்கி வைக்கச் சொன்னாள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வரவேண்டும். எல்லாவற்றுக்கும் அமிர்தவல்லி தலையாட்டினாள். கேட்கிறாளா என்பது எனக்கல்லவா தெரியும்.

பிறகு டாக்டரம்மா குனிந்து அவள் இடது கால் விரலைப் பார்த்தாள். கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. விரல் சிவந்து பளபளவென்று இருந்தது.

"இதை உடனே கழட்டணும். கழட்ட வரலன்னா நாங்களே வெட்டி எடுத்துடறோம். ரத்த ஓட்டம் நின்னா விரலே போயிடும்."

"அது முடியாதும்மா" என்றாள் அமிர்தவல்லி. அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள். வீங்கின காலை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற பூங்காவைத் தாண்டித்தான் அவளைப் பிடித்தேன்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? வெரல் போயிடும்னு சொல்றாங்க."

"வெரல்தானே" என்றாள்.

நடந்துகொண்டேதான் காரணத்தைச் சொன்னாள். மாமா விழுந்ததற்கு முதல் நாள், ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று, கறுத்துப்போன மெட்டியைக் கழற்றிப் பத்தரிடம் மெருகு போடக் கொடுத்திருக்கிறாள். கால் வெறுமையான முதல் ராத்திரி அது. விடிந்தது, மாமா கொல்லையில் சரிந்தார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே பத்தர் கடைக்கு ஓடியிருக்கிறாள். மெட்டி என்றால் வாய் திறந்துதானே இருக்கும், அகட்டிக் கழற்றலாம். அந்த வாயே வேண்டாம், நழுவிவிடும் என்று சொல்லி, இரண்டு மெட்டியின் வாயையும் மூடிப் பற்றவைத்து முழு வளையமாக்கி, சோப்பு போட்டு விரலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். இனிமேல் அவளே நினைத்தாலும் கழற்ற முடியாது. அதுதான் அவளுக்கு வேண்டியது.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "மாமா விழுந்ததுக்கும் இதுக்கும் இன்னாக்கா சம்பந்தம்? கட்டுக் கட்டா பீடி குடிச்சாரு, விழுந்தாரு."

அவள் நின்றாள். "சம்பந்தம் இல்லன்னு நீ அடிச்சுச் சொல்லுவியா? இதைக் கழட்டி, மறுபடியும் அவுருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ வந்து எனக்குப் பதில் சொல்லுவியா?"

என்னால் சொல்ல முடியவில்லை. இதுதான் எரிச்சல். அவள் சொல்வது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் ஒரு மெட்டி போட்டவள்.

"மாமாகிட்ட சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணு" என்றாள். நான் சத்தியம் ஒன்றும் பண்ணவில்லை. பஸ் வந்தது, ஏறினோம். பெண்கள் பக்கம் இடம் காலியாக இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள்.

தண்ணீர் மட்டும் குடிக்க ஆரம்பித்தாள். வேறொன்றும் மாறவில்லை. ஆடி வெள்ளிக் கூட்டம், தினமும் அதே நிற்பு. தலையணை அடுக்கினால், அடுக்கின வேகத்தில் ஏதோ ஞாபகம் வந்து எழுந்துவிடுவாள். அரிசி ஊறவைக்க மறந்துட்டேன், கொடியில் துணி கிடக்குது, உங்க மாமாவுக்கு மாத்திரை குடுக்கணும். விரல் வரவர நாவற்பழ நிறத்துக்கு வந்தது. நான் தினமும் சண்டை போட்டேன். ஒரு நாள் கொஞ்சம் இறங்கி வந்தாள். பழசை வெட்டுகிற அதே நேரத்தில் பக்கத்து விரலில் புதுசு ஒன்றை ஏற்றிவிட்டால் கால் வெறுமையாக இருக்காதே என்று அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சரி, எப்படியோ வெட்டினால் போதும் என்று பத்தர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "வூட்டுக்காரர் எங்கம்மா?"

"வூட்டுல இருக்காரு."

"நல்லா இருக்காரா?"

"நெஞ்சு ஆபரேஷன் ஆன மனுஷன்" என்றாள் அமிர்தவல்லி.

பத்தர் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "அவுரு எதிர்ல வந்து நின்னு சொல்லட்டும்மா. நான் வெட்டி, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க வந்து என் வாசல்ல மண்ணை வாரித் தூத்துவீங்க."

அமிர்தவல்லிக்கு முகமெல்லாம் நிம்மதி. "பாத்தியா? விஷயம் தெரிஞ்சவரே வேணாங்கிறாரு" என்று என்னைத் திட்டிக்கொண்டே திரும்பினாள். எனக்கு இரண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்கவேண்டும்போல் இருந்தது.

வீராம்பட்டினம் அம்மன் கோயில் தேர்த் திருநாள் வந்தது. ஊருக்கெல்லாம் அன்றைக்கு விடுமுறை, ஜவுளிக்கடைக்கு மட்டும் இல்லை. தேர் பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் அப்படியே தள்ளுபடிக்கும் வரும். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது பகல் சாப்பாட்டு நேரம் இருக்கும், வாசலில் ஆட்டோ நின்றது. அமிர்தவல்லி இறங்கினாள். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். இராமதாஸே ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பியிருக்கிறான். விரலில் வலி நின்றுவிட்டது என்று கடையில் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். அவன் காலைப் பார்த்துவிட்டு பயந்துபோயிருக்கிறான்.

"வலியே இல்ல சந்திரா. சரியாயிடுச்சு."

நான் விரலைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. நகத்தைக் கிள்ளினேன். அவளுக்குத் தெரியவில்லை. "மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் மாமா பனியனோடு வெளியே வந்தார். அமிர்தவல்லி என் வாயைப் பொத்தப் பார்த்தாள். கையைத் தள்ளிவிட்டு அத்தனையையும் சொன்னேன். மெருகு போடக் கொடுத்தது, பற்றவைத்தது, டாக்டர் சொன்னது, பத்தர் சொன்னது, ஒன்றும் விடவில்லை.

மாமா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் குறைந்துவிட்டது. அவள் காலைக் குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பரண் மேலிருந்து தன் மில் டூல்ஸ் பையை இறக்கிக்கொண்டு வந்தார்.

"அமிர்தம், கட்டில்ல படு. காலைக் குடு."

"மாட்டேன். பெரியாஸ்பத்திரிக்கே போறேன், வுடுங்க."

"போற வழியில எறங்கி ஓடிடுவே. உன்னை எனக்குத் தெரியும். காலைக் குடு."

"ஏங்க, உங்களுக்கு எதனா ஆனா நான் இன்னா பண்ணுவேன்?" என்று அவள் அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்தது, மாமாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது மட்டும்தான்.

"அம்மி மேல உன் காலைத் தூக்கி வச்சு இதைப் போட்டது யாரு? பத்தரா? டாக்டரா? நான் போட்டது, நான்தான் கழட்டணும். உன் வெரல் அழுவிப் போறதைப் பாத்துக்கினு உக்காந்திருக்கவா என்னைக் காப்பாத்துனே?"

படுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி, எனக்கு எலும்பு வலித்தது. மாமா அவள் காலுக்கடியில் தலையணைகளை உயர அடுக்கினார். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டார். தேங்காயெண்ணெய் விட்டு நகர்த்திப் பார்த்தார். மெட்டி அசையவில்லை. பிறகு மெல்லிய செம்புத் தகடு ஒன்றை எண்ணெய் தடவி மெட்டிக்கும் சதைக்கும் நடுவில் நுழைத்தார். அது உள்ளே போவதற்குள் அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. சின்ன அரத்தை எடுத்துத் தகட்டின் மேலே மெட்டியை அறுக்கத் தொடங்கினார்.

கை நடுங்கவில்லை. ஃபிட்டர் கை. அறுத்து நூல் போல ஆனதும் பிளையரால் ஒரு நெரி. டக்கென்று விட்டுக்கொண்டது. இரண்டு முனையையும் விரித்து எடுத்தார். விரலில் ஆழமாக ஒரு தடம். வலது காலிலும் அதே மாதிரி அறுத்து எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அமிர்தவல்லி "ஐயோ, எரியுது!" என்று கத்தினாள். மாமாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். ரத்தம் ஓட ஆரம்பித்துவிட்டது.

சாயந்தரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். மருந்து போட்டுக் கட்டினார்கள். விரல் தப்பியது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லை என்றாள் டாக்டரம்மா. புண் ஆறும்வரை காலை உயர்த்திப் படுக்கவேண்டும், கடைப்பக்கம் போகவே கூடாது என்று கண்டித்து அனுப்பினாள்.

அமிர்தவல்லி படுத்தாள். நான் நம்பவேயில்லை. பொழுது விடிந்து மெஷினில் உட்காரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் படுத்திருந்தாள். கால் தலையணைக் குவியலின் மேல். கண் மட்டும் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாமாவின் நெஞ்சில். பனியன் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலில் மெட்டி இல்லை, இனி காவலுக்கு அவள்தானே இருக்கிறாள். அவர் கொல்லைக்குப் போனால் "எங்க போறீங்க?" வந்தால் "எங்க போனீங்க?" இருமினால் தலை தூக்கிவிடுவாள்.

"நான் இன்னா சினிமாவா? அந்தப் பக்கம் திரும்பிப் படு" என்று மாமா அலுத்துக்கொண்டார்.

அவள் திரும்பவில்லை. பாதத்தை மட்டும் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா சொன்ன பயிற்சி. சும்மா படுத்திருக்க முடியாதவளுக்கு அது ஒன்றுதான் வேலை, விடாமல் செய்தாள்.

சமையலுக்கு எழுந்து போனால் மாமாவைப் பார்க்க முடியாது. அதனால் அடுப்படியே மாமாவிடமும் என்னிடமும் வந்தது. இரண்டு பானை வைக்க எனக்கென்ன தலையெழுத்து? ஒரே பானைதான், மாமாவின் பானை. முதல் நாள் சுரைக்காய்க் குழம்பு. ஒரு வாய் வைத்ததும் அமிர்தவல்லியின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

"சே, மண்ணு மாதிரி இருக்குது. இதையா இத்தினி நாளா தின்னீங்க?"

"நீதானே ஆக்கிப் போட்டே."

"நான் எங்க ருசி பாத்தேன்?" என்றாள். சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. வாயில் இருந்ததை மெதுவாக மென்றாள். மாமா அவள் தட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். இடித்த மிளகைத் தூவி, பூண்டைச் சுட்டு நசுக்கி வைத்தார். "இப்ப தின்னு பாரு. மொதல்ல ஒரு மாதிரியாத்தான் இருக்கும், போவப்போவ நாக்கு ஒத்துக்கும்." தனியாக உட்கார்ந்து தின்ற காலத்தில் அவரே கண்டுபிடித்த ருசி அது. அவள் தின்று முடித்தாள். உட்கார்ந்து, தட்டைக் கீழே வைத்து. மறுநாள் பூசணிக்காய்க் கூட்டு, அதற்கடுத்து முருங்கைக்கீரை. ஊறுகாய் ஜாடியை நான் என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கால் வடிந்தது. ஒரு காலையில் "சந்திரா, ஓடி வா!" என்று கூப்பிட்டுக் கணுக்கால் எலும்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அழுத்தினால் குழி விழவில்லை. விரலில் புண்ணும் உலர்ந்துவிட்டது. இராமதாஸ் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து, காலை வேளைக்கு மட்டும் வந்தால் போதும், கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுவைக்கிறேன், கூட்டம் இல்லாதபோது உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று சொன்னான். அவள் இல்லாமல் பச்சைக்குப் பச்சை பொருந்தவில்லையாம், புடவைக்காரிகள் சண்டை போடுகிறார்களாம்.

திரும்பவும் வேலைக்குப் போகிற அன்று, தலை சீவிப் புடவை மாற்றிக்கொண்டு பையோடு வாசல்வரை வந்தாள். வந்தவள் படியைத் தாண்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாத்திரை இருக்கும் இடத்தைச் சொன்னாள். வெயிலில் போகக்கூடாது என்றாள். மறுபடியும் மாத்திரை இருக்கும் இடத்தைச் சொன்னாள். ஒரு அடி வெளியே வைத்தாள், திரும்ப உள்ளே எடுத்தாள். எனக்குப் பார்க்கவே தலை சுற்றியது.

"போயிட்டு வா அமிர்தம். நேரமாவுது" என்றார் மாமா.

"கால்ல ஒண்ணும் இல்லாம உங்கள எப்படி ஒண்டியா வுட்டுட்டுப் போறது?"

மாமா பேப்பரை மடித்து வைத்தார். "மெட்டி இருந்தப்ப மட்டும் நீ கூட இருந்தியா? அது பாத்துக்கும்னு வுட்டுட்டு ஓடுனே. நான் உன்னைக் குத்தம் சொல்லல. நீ ஓடலன்னா சோறு ஏது? ஆனா என்னைக் காப்பாத்தணும்னு ஓடுன ஓட்டத்துல, நான் உசுரோட இருக்கிறதைப் பாக்க உனக்கு நேரமே இல்லாமப் போச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. அமிர்தவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் போனதும் பகல் பூரா நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"இன்னா பண்ணுவேன்? கதவைச் சாத்துவேன். அப்புறம் நீ வர்றியான்னு பாக்கத் தொறந்து வப்பேன்."

"எத்தினி மணிக்குத் தொறப்பீங்க?"

"நீ போயி தெருமுனை திரும்புனதும்" என்றார் மாமா.